சுற்றுலா போகிற நேரமா இது?

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையங்களின் பிள்ளைகளை வரும் பிப்ரவரியில் ஒரு நாள் ராமநாதபுரம் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். காலையில் பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு. மாலையில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள் கயாக் எனும் சிறு துடுப்புப் படகு. இரவு பேருந்தில் ஊர் திரும்புதல். திட்டம் இவ்வளவுதான்.

இதை வெளியே சொன்ன நாளிலிருந்து மூன்று விதமான எதிர்ப்புகள் வருகின்றன. உதவி செய்யும் நண்பர்கள், "அந்தப் பணத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கலாமே" என்கிறார்கள். இயக்கத் தோழர்கள், "மாஞ்சோலை மக்கள் வீடிழந்து நிற்கும்போது உல்லாசப் படகு கேட்கிறதா?" என்கிறார்கள். பெற்றோர் சொல்வது வேறு: "தம்பி, வேற எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. தண்ணி மட்டும் வேண்டாம்."

மூன்றுமே நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள். அதனால் மூன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் பணம். நோட்டுப் புத்தகமா படகா என்ற கேள்வி தனியார் பள்ளிப் பெற்றோரிடம் கேட்கப்படுவதில்லை. அங்கே இரண்டும் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு, அதிலும் சேரிப் பிள்ளைக்குத் தரப்படும் ஒவ்வொரு ரூபாயும் 'பயன்' தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. தையல் மிஷின் தரலாம், கணினிப் பயிற்சி தரலாம், போட்டித் தேர்வுக் கையேடு தரலாம். மகிழ்ச்சி தரக் கூடாது. நம் பிள்ளைகளை எதிர்கால உழைப்பாளிகளாக மட்டும் பார்க்கும் பார்வை இது. பண்ணையார் பார்த்த பார்வைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஓய்வு என்பது உழைத்து மிஞ்சிய நேரம் மட்டும் அல்ல, அது ஓர் அந்தஸ்து. யார் வெயிலில் நிற்க வேண்டும், யார் நிழலில் உட்காரலாம் என்பதைச் சாதி பல நூறு ஆண்டுகளாகத் தீர்மானித்து வைத்திருக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பாபாசாகேப். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தபோது அவர் போராடியவற்றில் கூலி உயர்வு ஒன்று மட்டுமல்ல. தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்ததும், ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியதும் அந்தக் காலத்தில்தான். உழைப்பவனுக்கு உழைக்காத ஒரு நாள் வேண்டும், அந்த நாளுக்கும் கூலி வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுத வைத்தார்கள். 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது பிரிவும் ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் உரிமை என்றே சொல்கிறது.

அம்பேத்கர் சுற்றுலா போயிருக்கிறார். இதைப் பல மாணவர்களிடம் சொல்லும்போது ஆச்சரியப்படுகிறார்கள். 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் வெரூல் குகைகளைப் பார்க்கக் கிளம்பினார். வழியில் அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தௌலதாபாத் கோட்டை. புழுதியில் வந்தவர்கள் கோட்டை வாசலருகே இருந்த சிறு குளத்தில் முகம் கை கால் கழுவினார்கள். அவ்வளவுதான். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சலிட்டபடி ஒரு முதியவர் ஓடி வந்தார். கூட்டம் கூடியது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார்கள். அதைக் கண்காணிக்க ஆயுதம் ஏந்திய ஒரு சிப்பாயையும் கூடவே அனுப்பினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது 1927 மார்ச் 20. அது போராட்டம். ஏழு ஆண்டுகள் கழித்து தௌலதாபாத்தில் நடந்தது போராட்டம் அல்ல, ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடம். ஆனால் தண்ணீர் அருகே போனவுடன் ஊர் சுற்றலும் போராட்டமாக மாறிவிட்டது. நம் மக்களுக்குச் சுற்றுலாவையும் அரசியலையும் பிரிக்கும் வசதி கிடைத்ததே இல்லை.

உலகின் வேறு இடங்களிலும் இப்படித்தான். 1919 ஜூலை 27 அன்று சிகாகோவில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு மிச்சிகன் ஏரியில் ஒரு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீரில் யாரும் கோடு போட்டிருக்கவில்லை. ஆனால் கரையில் வெள்ளையர் பகுதி, கறுப்பர் பகுதி என்று இருந்தது. மிதவை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்து கல் வந்தது, சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்யக் காவலர் மறுத்தார். தொடர்ந்து நடந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சியில் 1959 முதல் மருத்துவர் கில்பர்ட் மேசனும் தோழர்களும் நடத்திய போராட்டத்துக்கு ஆயுதம் என்ன தெரியுமா? கடலில் இறங்கிக் குளிப்பது. அதற்காக 1960 ஏப்ரல் 24 அன்று இரும்புக் கம்பிகளாலும் சங்கிலிகளாலும் அடி வாங்கினார்கள். நீச்சல் குளங்களும் கடற்கரைகளும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டப்பட்டிருந்ததன் விளைவை அமெரிக்காவில் இன்றும் பார்க்கலாம். கறுப்பினக் குழந்தைகள் நீச்சல் குளத்தில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீரில் இறங்க விடாதவர்கள் நீந்தவும் விடவில்லை.

இப்போது பெற்றோரின் பயத்துக்கு வருவோம். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பயத்துக்கு ஒரு தேதி இருக்கிறது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைக்கப்பட்ட தோழர்களை விடுதலை செய்யக் கேட்டும் திருநெல்வேலியில் ஊர்வலமாக வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். மனுக் கொடுக்கப் போன இடம் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தாமிரபரணி. தடியடி தொடங்கியதும் மக்களுக்கு ஓட ஆற்றைத் தவிர வேறு திசை இல்லை. தண்ணீரில் நின்றவர்களையும் தடியும் கல்லும் விடவில்லை. ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பதிவு செய்திருக்கிறது. பார்க்காத மாணவர்கள் பார்க்க வேண்டும்.

பலர் நீரில் மூழ்கித்தான் இறந்தார்கள் என்று அரசுத் தரப்பு அப்போது சொன்னது. ஏதோ குளிக்கப் போன இடத்தில் நடந்த விபத்து போல. இந்த இடத்தில் தெளிவாக இருப்போம். நீச்சல் தெரியாததால் அவர்கள் சாகவில்லை. கரையில் தடி நின்றதால் செத்தார்கள். நாளை நம் பிள்ளைகள் அத்தனை பேரும் நீச்சல் வீரர்கள் ஆனாலும் அந்தத் தடிக்கு அது பதில் ஆகாது. எனவே நாங்கள் நீச்சலையும் படகையும் நீதிக்கு மாற்றாகச் சொல்லவில்லை.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்த ஒன்றைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆறு நம் வீடுகளில் துக்கத்தின் பெயராக ஆகிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே, காவல்துறை ஒதுக்கும் நேரத்தில், மலர் தூவத்தான் நாம் அந்தப் படிக்கட்டில் இறங்குகிறோம். மற்ற நாட்களில் அதே ஆறு வேறு யாருடைய ஆறாகவோ இருக்கிறது. எங்கள் மையத்தில் ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரையோரச் சில ஊர்களில் எந்தத் துறையில் யார் குளிப்பது என்பது பலகையில் எழுதப்படாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம்மை அடிக்க வேண்டுமென்றால் தண்ணீரில் அடி என்பது பழைய பாடம்.

அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது 17 உயிர்கள். அதோடு ஆற்றையும் எடுத்துக்கொள்ள நாம் ஏன் விட வேண்டும்? தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நாம் போகிற தீவும் அதே வளைகுடாவில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தத் தண்ணீரின் மேல் பயமில்லாமல், கையில் துடுப்போடு, சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுகிறோம். இந்த ஆசைக்கு வெட்கப்படவில்லை.

பெற்றோரின் பயத்தில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அது படகு பற்றியது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் தானூரில் 22 பேர், பெரும்பாலும் குழந்தைகளும் பெண்களும். இரண்டுமே கடல் சீற்றத்தால் நடந்தவை அல்ல. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், உயிர்காப்பு அங்கி இல்லாததும், மேற்பார்வை இல்லாததும் சேர்ந்து நடத்தியவை. அதனால் எங்கள் விதி எளிது. அங்கி இல்லையென்றால் யாரும் ஏறுவதில்லை. மாட்டியிருந்தால் போதாது, இடுப்புப் பட்டையை இழுத்துப் பூட்ட வேண்டும். ஒரு தலை கூடுதலாக இருந்தாலும் படகு கிளம்பக் கூடாது என்று சொல்ல நமக்கு வாய் வேண்டும். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்கும்.

இனி தோழர்களின் கேள்வி. மூன்றிலும் கனமானது அதுதான்.

மாஞ்சோலையில் என்ன நடந்தது என்பதை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்த மலை அது. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வெளியேற்றத் தொடங்கியது. நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து, அங்கேயே செத்தவர்களின் குடும்பங்கள் இவை. தேயிலைத் தோட்டத்தை அரசின் டேன்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்துவிட்டது. நிலம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காடாகத் திரும்பப் போகிறது.

காட்டைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் காடும் கடலும் 'பாதுகாக்கப்பட்ட' இடமாக அறிவிக்கப்படும்போது அங்கிருந்து முதலில் வெளியே போவது யார், பிறகு டிக்கெட் வாங்கி உள்ளே வருவது யார் என்று கேட்கிறோம். காரையாறு அணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் பாணதீர்த்தம் அருவிக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போன படகுகள் அங்கே இருந்தன. நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதே நீர்த்தேக்கத்துக்கு அப்பால் இஞ்சிக்குழியில் காணி மக்கள் வாழ்கிறார்கள். ரேஷன் வாங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் அவர்களுக்குத் தண்ணீரைக் கடப்பதோ காட்டில் மணிக்கணக்கில் நடப்பதோதான் வழி. ஒருவருக்கு உல்லாசமாக இருந்த நீர்வழி இன்னொருவருக்கு உயிர்வழி. அருவி பார்க்கும் படகு பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இஞ்சிக்குழிக்குப் போகும் படகு பற்றி நடக்கவில்லை.

கடலிலும் கதை இதேதான். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதற்கு முன் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப்பாறைகளை டன் டன்னாக வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. லாபம் பார்த்த முதலாளிகள் யாரும் இதற்காகத் தண்டிக்கப்பட்டதாக நாம் கேள்விப்படவில்லை. பூங்கா வந்த பிறகு வேலி முட்டியது யாரை? தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் மீனவப் பெண்களை. குருசடைக்கு எதிரே இருக்கும் சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்கள் தலைமுறையாகப் போன தீவுக்கருகே போனால் அபராதத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது. நாம் சீட்டு வாங்கினால் வனத்துறையே படகில் கூட்டிப் போகிறது.

"அப்படியானால் நீங்கள் ஏன் அந்தப் படகில் ஏறுகிறீர்கள்?" என்று தோழர்கள் கேட்பது சரிதான். நாங்கள் ஏறுவதற்குக் காரணம், இந்த முரண்பாட்டைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்தப் படகின் பலகையில் உட்கார்ந்து பார்ப்பது பிள்ளைகளுக்கு வேகமாகப் புரியும் என்பது. காலையில் தீவு. மதியம் சின்னப்பாலத்துப் பெண்களோடு பேச்சு. இதைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம். அப்புறம் காரங்காடு. அங்கே வனத்துறையோடு சேர்ந்து படகுச் சவாரியையும் கயாக்கையும் உள்ளூர் மீனவ மக்கள் நடத்துகிறார்கள். அதில் கிராமத்துக்கு உண்மையில் எவ்வளவு பங்கு வருகிறது, முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர் என்று பிள்ளைகளே கேட்டு எழுதி வரட்டும். மாஞ்சோலையிலும் காரையாறிலும் நாளை 'சூழல் சுற்றுலா' என்ற பெயரில் எதுவும் வந்தால், கேட்க வேண்டிய கேள்விகளை முன்கூட்டியே கற்றவர்கள் நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

கயாக் என்பதே ஒரு பாடம்தான். ஆர்க்டிக் பனிக்கடலில் இனுயிட் மக்கள் சீல் வேட்டைக்காகத் தோலால் செய்த படகு அது. பசிக்காகச் செய்தது. இன்று உலகமெங்கும் பிளாஸ்டிக்கில் வார்த்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். நம் கட்டுமரத்துக்கும் இதே கதி. அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆகி, பணக்காரர்களின் பாய்மரச் சொகுசுப் படகுக்குப் பெயராகிவிட்டது. உழைப்பவரின் கருவி மற்றவரின் விளையாட்டுப் பொருளாகும்போது, அதைச் செய்தவர் பெயர் மறைந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் அந்தப் படகில் உட்காரும்போது அது யாருடையது என்று தெரிந்து உட்கார வேண்டும். அதற்காக விளையாடக் கூடாது என்பதில்லை.

தோழர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் துயரமும் தீர்ந்த பிறகுதான் சிரிக்கலாம் என்றால் நம் பிள்ளைகள் எப்போதும் சிரிக்கப் போவதில்லை. நாங்குநேரிக்குப் பிறகு இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் கையில் எந்த நிறக் கயிறு என்று பார்த்துப் பழகும் சூழலில் வளர்கிறார்கள். அவர்களை இயக்கத்துக்கு அழைக்கும்போது நாம் காட்டுவது அஞ்சலிக் கூட்டமும் கண்டன ஆர்ப்பாட்டமும் மட்டும்தான். சாவைத் தவிர வேறு எதற்கும் கூடாத இயக்கத்தில் பதினாறு வயதுப் பிள்ளை எத்தனை நாள் நிற்கும்?

ஒரு நாள் பயணம் எதையும் மாற்றிவிடாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் பயணத்தோடு சேர்த்து மூன்று கோரிக்கைகளை எடுத்துப் போகிறோம்.

ஒன்று, ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் அனைவருக்கும் நீச்சல் பயிற்சி. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் அரசு நீச்சல் குளம் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல், பெண்களுக்குத் தனி நேரத்தோடும் பெண் பயிற்சியாளரோடும் அதைத் திறந்துவிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இரண்டு, மாஞ்சோலையிலோ காரையாறிலோ எந்தச் சுற்றுலாத் திட்டம் பேசப்படுவதற்கும் முன்னால் தொழிலாளர்களின் மறுவாழ்வும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி காணி மக்களின் உரிமைகளும் எழுத்தில் தீர்க்கப்பட வேண்டும். இஞ்சிக்குழிக்குப் பாதுகாப்பான படகு அதில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

மூன்று, அரசு நடத்தும் படகுச் சுற்றுலா ஒவ்வொன்றிலும் உள்ளூர் மக்களுக்கான பங்கும், அதில் தலித், பழங்குடி, மீனவப் பெண்களின் இடமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

பயணத்துக்கு வரமுடியாத மாணவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். பாபநாசம் முதல் புன்னக்காயல் வரை உங்கள் ஊர் எந்தக் கரையில் இருந்தாலும், அங்குள்ள படித்துறைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள். ஆறு மணி முதல் பத்து மணி வரை உட்காருங்கள். எந்தத் துறையில் எந்தத் தெருக்காரர்கள் இறங்குகிறார்கள், யார் மேல்பக்கம், யார் கீழ்ப்பக்கம், பெண்கள் எங்கே, நம் பிள்ளைகள் நீந்துகிறார்களா என்று எழுதுங்கள். யாரிடமும் சண்டை போட வேண்டாம், பெயர் எழுத வேண்டாம், தெருவும் துறையும் போதும். பிப்ரவரிப் பயணம் முடிந்து வந்ததும் அந்தக் குறிப்புகளையும் எங்கள் பிள்ளைகளின் குறிப்புகளையும் சேர்த்து வைத்து உட்காருவோம். அடுத்த கோடையில் எந்தத் துறையில், எத்தனை பேராக இறங்கி நீந்துவது என்பதை அன்றைக்கு முடிவு செய்வோம்.

ஜெய் பீம்.